அளவையும் அன்றாட வாழ்க்கையும்

அளவை நூல் என்றவளவிலே, அது வாதம் புரிவார்க்கும் உரை வகுப்பார்க்கும் மட்டும் உரியதென்றும், உழுதும் உழைத்தும் மனையறம் நடத்தியும் வாழும் மக்கட்கு அதனால் ஆகும் பயன் ஒன்றுமில்லை யென்றும் கருதுவார் பலர். சிவஞான சித்தியாரைப் பாடங்கேட்கப் புகுவாருள்ளும், முகப்பில் நிற்கும் அளவைப் பகுதியை 'இஃது அரிது' எனக் கடந்து, பொருட்பகுதிக்கு விரைந்து செல்வாரே மிகுதியினர். மரக்காலைக் களத்துக்கு வெளியே எறிந்துவிட்டு நெல்லளக்கப் புகுவார் செயலை இஃது ஒக்கும். 13 ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் அளவையை அவ்வாறு ஆராய்ந்துரைத்தது, யாதானும் ஒன்றை 'உண்மை' யென்று நிறுவப் புகுவான் 'இதனை நீ எவ்வாறு அறிந்தாய்?' என்னும் வினாவிற்கு முதற்கண் விடை இறுக்கவேண்டும் என்பது பற்றியே யாம்.

இவ்வினா புலவர்க்கே உரியதன்று. குழந்தையின் நெற்றியிற் புறங்கையை வைத்துப் பார்த்துச் 'சுரம் தணிந்தது' என்னுந் தாய் அளவையைக் கையாளுகின்றாள். கடையில் தேங்காயைத் தட்டி, ஓசை கேட்டு, 'இது முற்றல்' எனத் தேர்ந்தெடுப்பவனும் அளவையைக் கையாளுகின்றான். ஆற்றிற் செந்நீர் பெருகக் கண்டு மேற்றலையில் மழை பெய்ததென்று துணியும் உழவனும் அவ்வாறே. ஆய்வுக்கூடத்தில் இருந்து இயற்கையை ஆராயும் விஞ்ஞானி செய்வதும் இதனின் வேறன்று. அடுக்களையிலுங் களத்திலும் நாம் கையாளும் அக்கருவியையே அவன் தீட்டிக் கூராக்கிக் கொள்கின்றான். வேறுபாடெல்லாம் அத்தீட்டுதலின்கண் உள்ளது. அஃது யாதென்பதும், அது தவறியவிடத்து விளையுங் கேடு எத்துணைப் பெரிதென்பதும் ஈண்டு ஆராயப்படும்.

காட்சியும் அதன் குற்றங்களும்

அளவைகளைக் காண்டல், கருதல், உரை, இன்மை, பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு எனப் பத்தாக எண்ணும் மரபு உண்டு. அவை யெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்திகள் துணிபு. இம்மூன்றனுள் காண்டலே ஏனையவற்றிற்கு நிலைக்களமாம். காணாத ஒன்றைக் கருதற்கும், கருதியதைப் பிறர்க்கு உரைத்தற்கும் கண்டதொன்று முன் வேண்டும்.

ஆயினும், கண்டதெல்லாம் காட்சியளவை ஆகாது. ஐயமுந் திரிபும் நீங்கிய காட்சியே அளவை எனப்படும். மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை அளவையின் குற்றங்களை எட்டாக வகுக்கின்றது. சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. இப்பியை வெள்ளியெனக் கொள்ளுதல் திரியக்கோடல். நிற்பது தறியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். அத்தறியை ஆராயாமலே மகனென்று முடிவுகட்டிவிடுதல் தேராது தெளிதல். கொடும்புலி எதிர்வரக் கண்டும் அதனை அறியாதிருத்தல் கண்டுணராமை.

இவற்றுள் ஐயத்தையும் தேராது தெளிதலையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டுங் குற்றமே. எனினும், ஐயமுற்றவன் விளக்கை எடுத்துக்கொண்டு தறியண்டைச் செல்வான்; ஆகவே, அவன் குற்றம் தானே நீங்குதற்கு வழி உண்டு. தேராது தெளிந்தவனோ விளக்கைத் தேடுவதில்லை. 'கண்டேன்' என்னுந் துணிவே அவன் கண்ணைக் கட்டிவிடுகின்றது. அன்றாட வாழ்வில் நம்மை மிகுதியும் கெடுப்பது ஐயமன்று, இத்தெளிவே. ஐயம் அறிவின்மை யெனவும் தெளிவு அறிவெனவும் எண்ணும் பொதுவழக்குத் திருத்தப்படல் வேண்டும். ஆராய்ச்சியில்லாத தெளிவினும் ஆராய்ச்சிக்கு வழிகோலும் ஐயம் சிறந்தது.

கருதலும் மூன்று பக்கங்களும்

இனிக் கருதலளவையை நோக்குவாம். 'இம்மலை நெருப்புடைத்து, புகையுடைமையால், அடுக்களைபோல' என்பது எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. இதன்கண் மலை என்பது பக்கம். அதாவது துணியப்படும் பொருள் உண்டோ இல்லையோ என ஆராயப்படும் இடம். நெருப்புண்டென முன்னரே தெளியப்பட்ட அடுக்களை நிகர்ப்பக்கம். நெருப்பில்லை யெனத் தெளியப்பட்ட நீர்நிலை நிகரில்பக்கம். வடமொழியாளர் இவற்றை முறையே பட்சம், சபட்சம், விபட்சம் என்பர். புகையென்னும் ஏதுவானது பக்கத்தில் உண்டாதல் வேண்டும். நிகர்ப்பக்கத்திலும் உண்டாதல் வேண்டும். நிகரில்பக்கத்தில் இல்லையாதல் வேண்டும். இம்மூன்றும் நிரம்பிய வழியே அது நல்லேதுவாம்; ஒன்று குறையினும் போலியாம்.

விடியற்காலையில் ஏரிமேல் எழும் வெண்பனியைத் தொலைவிலிருந்து கண்ட ஒருவன், அங்கும் புகையுண்டெனக் கொண்டு தீயுண்டெனத் துணிவனாயின், அவன் தவறியது எங்கே? பனியையும் புகையையும் வேறுபிரித்தறியாமையின்கண் தவறினான். அவன் நிகரில்பக்கமாகிய நீர்நிலைக்கு ஒருமுறை சென்று பார்த்திருப்பின், 'இத்தகைய வெண்மை தீயில்லாத விடத்தும் உளது' என அறிந்து திருந்தியிருப்பான். ஆகவே, கருதலின் உயிர்நிலை மூன்றாம் பக்கத்தின்கண் இருக்கின்றதென்பது பெறப்படும். நிகர்ப்பக்கம் ஒரு கருத்தைத் தோற்றுவிக்கும். நிகரில்பக்கமே அதனைச் சோதிக்கும்.

இதனை நாம் அறியாமலே செய்யும் இடங்களும் உள. இரவில் நூல் வாசித்திருக்கையில் மின்விளக்கு அவிந்துவிடுகின்றது. 'குமிழ் பழுதாயிற்று' என்று முதலில் தோன்றும். அவ்வறையிலுள்ள விசிறி சுழல்கின்றதா எனப் பார்க்கின்றோம். அதுவும் நின்றிருப்பின், குமிழின் பழுது ஒன்றே காரணமாகாது. சாளரத்தின் வழியே அடுத்த வீட்டை நோக்குகின்றோம். அங்கு விளக்கெரியின், தெரு முழுவதற்கும் மின்சாரம் நின்றது என்னுங் கருத்து நீங்கும். பின்னர் நம் வீட்டு உருகிழையைப் பார்க்கின்றோம். ஒவ்வொரு கருத்தையும் 'இஃது உண்மையாயின் வேறு யாது நிகழ்தல் வேண்டும்? அது நிகழ்ந்துளதா?' என்று கடாவிக் கழித்துச் செல்லும் இம்முறை அளவை நூலார் ஒழிபு என்பதனோடு ஒத்தது. விஞ்ஞானியின் முறையும் இதுவே.

விளக்கவிந்த விடத்து இத்துணை நுட்பமாக நடக்கும் அம்மனிதனே, நோய் வந்தவிடத்து வேறாகி விடுகின்றான். 'இக்கசாயத்தை உண்டேன், ஐந்து நாளிற் சளிச்சுரம் தீர்ந்தது, ஆகவே கசாயமே தீர்த்தது' என்பன். இதன்கண் நிகர்ப்பக்கம் ஒன்றே உளது. நிகரில்பக்கம் யாண்டும் இல்லை. கசாயம் உண்டு தீர்ந்தார், உண்டும் தீராதார், உண்ணாதே தீர்ந்தார், உண்ணாது தீராதார் என நால்வகையாரையும் அவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உண்டார் நூற்றுவருள் தொண்ணூற்றுவர் ஒரு கிழமையில் நலமுற்றனர் எனக் கொள்வோம். உண்ணாதார் நூற்றுவருள்ளும் தொண்ணூற்றுவரே அவ்வாறு நலமுற்றனராயின், கசாயத்தால் ஆயது யாது? ஒன்றுமின்று. எனினும், நலமுற்ற அத்தொண்ணூற்றுவரும் அதன் பெருமையை மெய்யாகவே நம்பிச் சான்று கூறுவர். அவர் பொய்யரல்லர், முதல் வகையாரை மட்டும் கண்டு, ஏனை மூவகையாரைக் காணாதவராவர்.

இன்னுமொன்று. நோய் உச்சநிலையை அடைந்தபோதே நாம் மருந்தைத் தேடுகின்றோம். தானே தீரும் இயல்புடைய நோயாயின், உச்சத்துக்குப் பின் வருவது இறக்கமே. ஆகவே, அப்போது எதனை உண்டாலும் அதன்பின் நோய் குறைதல் இயல்பு. பின் நிகழ்ந்ததனை அதனால் நிகழ்ந்ததெனக் கொள்ளும் இம்மயக்கத்தையே நம் முன்னோர் 'காக்கை ஏறப் பனம்பழம் விழுந்தது' என்னும் பழமொழியால் எள்ளினர். காக்கை அமராத காலத்து விழுந்த பழங்களையும், பழம் விழாது காக்கை மட்டும் அமர்ந்த காலங்களையும் எண்ணிப் பார்த்தவனே இதற்குத் தீர்ப்புச் சொல்ல வல்லவன்.

அற்றேல், கசாயமெல்லாம் பயனில என்பது கருத்தோ எனின், அன்று. பயனுடையதும் இலதும் ஆகிய இரண்டும் முதல் வகையாரளவில் ஒரே தோற்றமுடையன. ஆகலின், அவற்றைப் பிரித்தறிதற்கு நிகரில்பக்கம் இன்றியமையாதது என்பதே கருத்து.

வியன்னா மருத்துவமனையில் நிகழ்ந்தது

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. உயிர்களைக் காப்பதும் போக்குவதும் ஆவது. அதனை விளக்கும் வரலாறு ஒன்றை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய பொது மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக்கென இரு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பேறு பார்த்தனர். இரண்டாம் பகுதியில் மருத்துவிச்சியரும் அத்தொழில் பயில்வோரும் பார்த்தனர். 1841 முதல் 1846 வரையுள்ள ஆறாண்டுகளில், முதற்பகுதியில் பேறுற்ற தாய்மாருள் 100-க்கு ஏறத்தாழ 10 பேர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் 100-க்கு 4 பேருக்குங் குறைவாகவே இறந்தனர். இறப்புக்குப் பெருங்காரணமாயிருந்தது பிள்ளைப்பேற்றுச் சுரம். எப்பகுதியிற் சேர்ப்பதென்பது வந்துசேரும் நாளைப் பொறுத்திருந்தமையால், தாய்மாரிடையே செல்வர் வறியர், வலியர் மெலியர் என்னும் வேறுபாடு இதற்குக் காரணமாதற்கு இடமில்லை. முதற்பகுதியின் பெயர் கேட்டே பெண்டிர் நடுங்கினர்; தம்மை அங்குச் சேர்க்கவேண்டா வென மண்டியிட்டு இரந்தனர்.

அம்முதற்பகுதியில் 1846 இல் துணைமருத்துவராகப் பணியேற்றவர் அங்கேரி நாட்டினராகிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்பார். அக்காலத்து மருத்துவர் கூறிய காரணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். 'நகரத்தின் கெட்ட காற்றே காரணம்' என்றனர் சிலர். அக்காற்று இருபகுதிக்கும் பொது. பொதுவாயது வேறுபாட்டிற்குக் காரணமாகாது. அன்றியும், மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்ற தாய்மார், முதற்பகுதியிற் பெற்றாரினும் குறைவாகவே அச்சுரத்துக்கு ஆளாயினர். 'இடநெருக்கம்' என்றனர் சிலர். நெருக்கம் மிக்கது இரண்டாம் பகுதியே. அங்குத்தான் இறப்புக் குறைவு. இறக்குந் தாய்க்குச் சடங்கு செய்யவரும் குருவின் மணியோசை ஏனையோரை அச்சுறுத்திச் சுரத்தை விளைக்கின்றது என்றும் கூறப்பட்டது. மணியை நிறுத்தி, அவரை வேறு வழியாக வரச்செய்தார், இறப்புக் குறையவில்லை. பேற்றின்போது கிடக்குமுறை வேறுபாடு என்றனர். அதனையும் இரண்டாம் பகுதியில் உள்ளவாறு மாற்றினார், பயனில்லை.

இதன்கண் அவர் செய்தது யாது? ஒவ்வோர் ஏதுவையும் நிகரில்பக்கத்துக்குக் கொண்டுசென்று நிறுத்தினார். ஏது இருந்தும் சுரம் இல்லாத விடமும், ஏதுவை நீக்கியும் சுரம் நீங்காத விடமும் காட்டி, அவற்றைப் போலியெனக் கழித்தார். உடன்பாட்டால் மட்டும் நோக்கியிருப்பின், இக்காரணங்கள் எல்லாம் பொருத்தமாகவே தோன்றும். முதற்பகுதியில் காற்றுங் கெட்டது, நெருக்கமும் உண்டு, மணியோசையும் உண்டு, இறப்பும் உண்டு அன்றோ! எதிர்மறையாற் சோதித்தபோதே அவை உதிர்ந்தன.

1847 மார்ச்சு மாதத்தில் அவர் நண்பரும் ஆசிரியருமாகிய யாக்கோப் கொல்லெட்ச்கா என்பார் இறந்தார். பிணத்தை அறுத்து ஆராயும்போது மாணவனொருவன் கையிலிருந்த கத்தி அவர் விரலில் தைத்ததே காரணம். அவர் உடலை ஆராய்ந்தபோது, பிள்ளைப்பேற்றுச் சுரத்தால் இறந்த தாய்மார் உடலிற் கண்ட குறிகளே காணப்பட்டன. பேறுறாத ஆண்மகன் ஒருவனுக்கு இந்நோய் வந்தது எவ்வாறு? பிணத்திலுள்ள பொருள் கத்தி வழியாக அவர் குருதியிற் புகுந்தது. அங்ஙனமாயின், காலையிற் பிணவறையில் ஆராய்ந்து, அக்கையுடனேயே முதற்பகுதிக்கு வந்து தாய்மாரைத் தொட்டு நோக்கும் மருத்துவரும் மாணவரும் யாது செய்கின்றனர்? செம்மல்வைசும் அவருள் ஒருவர். தம் கைகளே கொன்றன என்று அவர் அறிந்தார். மருத்துவிச்சியர் பிணம் அறுப்பதில்லை. ஆகலின் இரண்டாம் பகுதியில் இறப்புக் குறைந்தமைக்கும் விடை கிடைத்தது.

இத்துணையும் பொருந்திய பின்னரும் அவர் தேராது தெளிந்தாரல்லர். ஏதுவை நீக்கிப் பார்த்தலே எஞ்சியிருந்த சோதனை. சவர்க்காரமிட்டுக் கழுவியும் கையிற் பிணநாற்றம் நீங்காமையைக் கண்டு, அதனைப் போக்கவல்ல குளோரின் கரைந்த நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென 1847 மே மாத நடுவில் விதித்தார். ஏப்பிரலில் முதற்பகுதியில் 100-க்கு 18 அளவிலிருந்த இறப்பு, சூன் மாதத்தில் 2 அளவிற்கும், சூலையில் 1 அளவிற்கும் இறங்கியது. 1848 ஆம் ஆண்டு முழுவதிலும் அங்கு நிகழ்ந்த 3,556 பேறுகளில் இறந்தார் 45 பேரே. இரு பகுதிகட்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்தது.

இயற்கையில் அமைந்து கிடக்கும் நிகரில்பக்கத்தைக் காண்டல் ஒன்று. அஃது இல்லாதவழி நாமே அதனை ஆக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. பின்னதற்கே சோதனை என்பது பெயர். கைகழுவச் செய்ததனால் செம்மல்வைஸ் ஏதுவில்லாத பக்கத்தைத் தாமே படைத்தார். விஞ்ஞானத்தின் பேராற்றலெல்லாம் இவ்வொன்றினின்றே தோன்றுவது.

பிறர் ஏலாமை

இவ்வளவு தெளிந்த உண்மையை மருத்துவ உலகம் உடனே ஏற்றதோ எனின், இல்லை. பலர் மறுத்தனர், சிலர் நகைத்தனர். அவருக்கு வியன்னாவில் நிலைத்த இடங்கிடைக்கவில்லை. 1850 இல் அந்நகரை நீங்கினார். 1865 இல் மனநோய் மனையொன்றில் இறந்தார். மறுத்தார் அறிவிலிகள் அல்லர், கற்றறிந்த மருத்துவரே. 'எம் கைகள் தூய்மையற்றவை. யாமே கொன்றோம்' என ஒப்புதல் எளிதன்று. கையிலிருந்த நாற்றத்தை அவர் நாடோறும் உணர்ந்தனர். அதன் பொருளை உணரவில்லை. முன்னர்க் கூறிய கண்டுணராமை இதுவே யாம். புலி எதிர்வந்தும் அறியாமைக்குக் காரணம் எப்போதும் கண்ணின் குறையன்று. அறிந்தால் தன் பிழையை ஒப்பவேண்டி வருமே என்னும் உள்ளத்தின் குறையும் ஆம்.

செம்மல்வைஸ் பக்கத்திலுங் குறையுண்டு. தம் ஆராய்ச்சியை நூல்வடிவில் அவர் 1861 வரை வெளியிடவில்லை. எதிர்த்தாரைக் கொலைஞர் என வைது எழுதினார். கருதலளவை தன்பொருட்டு, பிறர்பொருட்டு என இருவகைத்து. தான் தெளிதற்கு முன்னதே அமையும். பிறரைத் தெளிவித்தற்குப் பக்கமும் ஏதுவும் எடுத்துக்காட்டும் முறையாக வைத்துக் கூறும் பின்னது வேண்டும். அவர் முன்னதில் வல்லராயும் பின்னதில் காலந்தாழ்த்தார். அதன் விலையைப் பின்னும் பல தாய்மார் தம் உயிராற் கொடுத்தனர். அந்நோயை விளைக்கும் நுண்ணுயிரை 1879 இல் பாசுதர் காட்டிய பின்னர், அவர் கூற்றின் உண்மை எளிதில் விளங்கலாயிற்று.

ஒப்புமை ஏமாற்றுதல்

நிகரில்பக்கத்தை மறந்தமையால் நம் வீடுகளில் நேர்ந்த கேடொன்றும் கூறுதல் தகும். குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் தண்ணீரை நிறுத்திவிடும் வழக்கம் நம் நாட்டிற் பலவிடத்தும் இருந்தது. முற்றும் ஒழிந்ததெனல் இன்றும் இயலாது. 'ஓட்டைக் குடத்தில் ஊற்றினால் ஒழுகுதல்தானே மிகும்?' என்பது அவ்வழக்கத்தின் அடியிலுள்ள நியாயம். இஃது ஒப்பளவை போலத் தோன்றும். ஆயினும், குடல் குடமன்று. குடம் நீரைத் தாங்குவது மட்டும் செய்யும். குடல் நீரை உறிஞ்சவும் செய்யும். ஒப்புமை பொருந்தாத அவ்வொரு பகுதியிலேதான் குழந்தையின் உயிர் இருந்தது. கழிச்சலாற் சாவார் பெரும்பாலும் சாவது, உடலின் நீரும் உப்பும் வற்றிப்போதலினாலேயே.

குடலில் சருக்கரையும் உப்பும் ஒன்றையொன்று துணைக்கொண்டு உட்செல்லும் என்பதும், நீர் அவற்றைப் பின்தொடரும் என்பதும் 1960 ஆம் ஆண்டையடுத்து விளங்கலாயின. வாந்திபேதியிலும் அவ்வாற்றல் கெடுவதில்லை. 1968 இல் டாக்காவில் ஆராய்ந்தோர், உப்பும் சருக்கரையும் கரைந்த நீரை வாய்வழி பருகுவித்தால், குருதிக்குழாய்வழிச் செலுத்தவேண்டிய நீர் பெரிதும் குறைகின்றதெனக் காட்டினர். 1971 இல் வங்கதேசப் போரால் வந்த அகதிகள் நெருங்கியிருந்த பனகாவ் என்னும் ஊரில் வாந்திபேதி பரவியது. குழாய்வழிச் செலுத்தும் நீர் போதாமையால், மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் சருக்கரையும் சோடாவுப்புங் கலந்த பொடியை நீரிற் கரைத்துப் பருகுவிக்க ஏற்பாடு செய்தார். 100-க்கு 30 அளவிலிருந்த இறப்பு 4-க்குங் குறைவாயிற்று. ஒரு லிட்டர் தூயநீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால், இந்நீரை எவ்வீட்டிலும் ஆக்கிக்கொள்ளலாம். ஓட்டைக்குடத்து உவமை எத்தனை தலைமுறையாக எத்தனை தொட்டில்களை வெறுமையாக்கிற்று என்று எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகின்றது. அக்குழந்தைகளைக் கெடுத்தது அன்பின்மை யன்று; ஆராயாத கருதல்.

உரையளவை

எல்லாவற்றையும் நாமே சோதித்தல் இயலுமோ எனின், இயலாது. விஞ்ஞானியும் தான் அறிந்தவற்றுள் மிகப்பெரும் பகுதியைப் பிறர் உரையாலேயே அறிகின்றான். ஆகவே, உரையைத் தள்ளுதல் அறிவுடைமை யாகாது. எவ்வுரையைக் கொள்வது என்பதே வினா. அப்பொருளை நேரே அறிந்தவனாதல், பிறரை வஞ்சிக்கும் விருப்பம் இலனாதல், அறிந்தவாறே கூறுபவனாதல் என்னும் மூன்றும் உடையான் உரையே கொள்ளத்தக்கது. இக்காலத்துக் கைபேசி வழியாக நாடோறும் வந்து குவியும் செய்திகளை இவ்வளவுகோலால் அளந்து பார்க்க. எழுதியவன் யாரென்பதே தெரியாத செய்தியில் முதலாவது இலக்கணத்தைத் தேடுதற்கும் இடமில்லை. அனுப்பியவர் நம் உறவினர் என்பது அன்பிற்குச் சான்றாம், அறிவிற்குச் சான்றாகாது. பலர் கூறினர் என்பதும் சான்றன்று. ஒருவன் கூற்றையே ஆயிரவர் திருப்பிக்கூறின் அது ஒரு சான்றே யன்றி ஆயிரஞ் சான்றுகள் ஆகாது.

அங்ஙனமாயின், தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்னாம் என ஆசங்கிப்பார்க்குக் கூறுவது: ஒவ்வோர் அளவைக்கும் அதற்குரிய பொருள் உண்டு. புலனுக்கும் கருதலுக்கும் எட்டாத பொருள்பற்றிய ஆராய்ச்சி வேறு. சுரத்தின் காரணம், நீரின் தூய்மை, மருந்தின் பயன் என்பன காட்சியாலுங் கருதலாலும் அளக்கத்தக்கன. அளக்கத்தக்கதனை அளவாதே 'வழக்கம்' என்னும் சொல்லால் முடித்துவிடுதல் முன்னோரைப் போற்றுதல் ஆகாது. அளவையை வகுத்துத் தந்தாரும் அம்முன்னோரே யன்றோ!

ஆகவே, யாதானும் ஒன்றை 'இதனால் இது' என்று துணிதற்கு முன் நான்கு வினாக்களை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். யான் கண்டது யாது, கண்டதாகக் கருதிக்கொண்டது யாது? இவ்வேது உள்ளவிடத்து மட்டும் நோக்கினேனோ, இல்லாதவிடத்தும் நோக்கினேனோ? என் கருத்துப் பொய்யாயின் அது எதனாற் புலப்படும், அதனைத் தேடினேனோ? இது பொய்யென்று தெளிந்தால் ஒப்புதற்கு என் உள்ளம் இசையுமோ? முதல் மூன்றும் அளவை நூல் கற்பிப்பன. நான்காவது எந்நூலாலும் கற்பித்தற்கு அரிது. அஃதின்றி முன்னைய மூன்றும் பயன்படா என்பதனை வியன்னா வரலாறு காட்டிநிற்கின்றது. தன் கையை முகர்ந்து பார்க்கும் துணிவுடையானே உண்மையை அறிதற்கு உரியன் என்பது கடைப்பிடிக்க.